கடற்கரைச் சுத்தத்தில் சர்ஃபர்களும் துடுப்புக்காரர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலகையோடும் துடுப்போடும் கடலில் இறங்குகிறவர்கள் குப்பை பொறுக்குவதையும் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பதையும் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். புதிதாகச் சேர வருகிறவர்கள் கேட்பதும் அவைதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

அலையில சறுக்க வர்றவங்களுக்கும் கடற்கரைக் குப்பைக்கும் என்ன சம்பந்தம்?

கடலுக்குள் மணிக்கணக்கில் கிடக்கிறவர்கள் அவர்கள். மணலில் நடப்பவருக்குக் கரை ஒதுங்கிய குப்பை மட்டும்தான் தெரியும். அலைக்காகப் பலகையில் உட்கார்ந்து காத்திருப்பவருக்கு, எந்தப் பக்கத்திலிருந்து கலங்கல் வருகிறது, எந்த நேரத்தில் நாற்றம் அடிக்கிறது, தோலில் என்ன ஒட்டுகிறது என்று எல்லாமே தெரியும். கயாக்கிலும் (ஒல்லியான துடுப்புப் படகு) பேடில் போர்டிலும் (நின்றபடி துடுப்புப் போடும் பலகை) போகிறவர்கள் கழிமுகம், அலையாத்திக் காடு, பாறை இடுக்கு என்று கால்நடையாகப் போக முடியாத இடங்களுக்கும் போகிறார்கள், குப்பை அதிகமாகச் சிக்கிக் கிடப்பதும் அங்கேதான்.

அப்புறம், அசுத்தம் முதலில் பாதிப்பது அவர்கள் உடம்பைத்தான். காது வலி, வயிற்றுப்போக்கு, சீழ் பிடித்த சிராய்ப்பு என்று அனுபவித்தவர்கள் இதைத் தங்கள் பிரச்சினையாக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. அதே தண்ணீரை நம்பிப் பிழைக்கிற, அதில் விளையாடுகிற கரையோர மக்களுக்கும் அதுவேதான் நடக்கிறது, அவர்கள் சொல்வது வெளியே கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இது எப்போ ஆரம்பிச்சது? சும்மா பொழுதுபோக்கா, இல்ல உண்மையிலேயே ஏதாவது சாதிச்சிருக்காங்களா?

சாதித்திருக்கிறார்கள். 1984இல் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் சர்ஃபர்கள் சிலர் சேர்ந்து சர்ஃப்ரைடர் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். அதே மாநிலத்தின் வடக்கே ஹம்போல்ட் விரிகுடாப் பக்கம் இரண்டு காகிதக்கூழ் ஆலைகள் கழிவைக் கடலில் விட்டுக்கொண்டிருந்தன. அங்கே சர்ஃப் செய்தவர்கள் உடம்புக்கு முடியாமல் போவதைக் கவனித்து, விடாமல் பேசி, கடைசியில் சர்ஃப்ரைடர் மூலமாக நாட்டின் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். 1991இல் அது முடிவுக்கு வந்தபோது ஆலைகள் கட்ட வேண்டிய அபராதம் 58 லட்சம் டாலர்.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் 1990இல் சர்ஃபர்ஸ் அகெய்ன்ஸ்ட் சீவேஜ் தொடங்கியது. சுத்திகரிக்காத மலக்கழிவு நேராகக் கடலில் கலந்துகொண்டிருந்த காலம் அது. வெட்சூட்டும் (குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை) வாயு முகமூடியும் போட்டுக்கொண்டு பலகையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள், நாடாளுமன்றம் வரை போய்ப் பேசினார்கள். இந்த இரண்டு அமைப்புகளும் குப்பை பொறுக்குவதற்காகத் தொடங்கப்பட்டவை அல்ல என்பதைக் கவனியுங்கள். தண்ணீரில் என்ன கலக்கிறது, யார் கலக்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்து பிறந்தவை.

எனக்கு சர்ஃபிங் தெரியாது, நீச்சலும் அரைகுறைதான். நான் வரலாமா?

தாராளமாக வரலாம். வேலையில் பெரும்பங்கு கரையில்தான்: பொறுக்குவது, பிரிப்பது, எண்ணுவது, எழுதுவது. தண்ணீரில் இறங்கும் வேலையை மட்டும் நன்றாகத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். குழந்தைகளும் வரலாம், கையுறையும் மூடிய செருப்பும் போட்டு, எதைத் தொடக் கூடாது என்று முதலிலேயே காட்டிக்கொடுத்து, ஒரு பெரியவர் கூடவே இருந்தால் போதும். சொல்லப்போனால் சிறிய துண்டுகளைக் கண்டுபிடிப்பதில் குழந்தைகளின் கண்ணுக்கு ஈடில்லை.

எந்த நேரத்துல போனா சரியா இருக்கும்?

கடல் இறங்கும்போது. உயர்ந்த ஓதம் வந்து திரும்பிய பிறகு, கடற்பாசியும் சுள்ளியும் வரிசையாக ஒதுங்கிய கோடு ஒன்று மணலில் தெரியும். குப்பையும் அந்தக் கோட்டிலேயே கிடக்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் ஏறி அதிகம் இறங்கும் என்பதால் மேல்மணலில் கிடந்ததும் கைக்குக் கிடைக்கும். பெரிய காற்றடித்து ஓய்ந்த மறுநாளும் நல்ல நாள். ஆனால் மழை பெய்திருந்தால் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். காரணம் கீழே தனிக் கேள்வியாக வருகிறது.

பலகையிலோ கயாக்கிலோ போகிறவர்கள் காற்றின் திசையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று தண்ணீரை வழவழவென்று அமைதியாகக் காட்டும், அதை நம்பிப் போன பேடில் போர்டுக்காரர்களைச் சத்தமில்லாமல் தூரம் தள்ளிக்கொண்டு போய்விடும். அந்த மாதிரி நாளில் எவ்வளவு குப்பை மிதந்தாலும் போக வேண்டாம்.

தண்ணியில மிதக்கிறதை எடுக்க என்ன கொண்டு போகணும்?

கயாக் என்றால் இடம் இருக்கிறது, ஒரு கூடையும் நீண்ட பிடி உள்ள வலைக்கரண்டியும் போதும். பேடில் போர்டில் முன்பக்க மீள்கயிறுக்குக் கீழே சின்னக் கூடையைச் செருகி வைக்கலாம். சர்ஃப் பலகையில் அலை உடையும் இடத்தில் குப்பை எடுக்க முயல வேண்டாம். அலைக்குப் பின்னால், அமைதியான நீரில் இருக்கும்போது கைக்கு எட்டியதை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வாருங்கள், அது போதும். பை என்றால் தண்ணீர் வடிகிற வலைப்பைதான் நல்லது. சாதாரணப் பை நீர் நிறைந்து நங்கூரம் மாதிரி இழுக்கும்.

முக்கியமான ஒன்று, இதைச் சொல்லாமல் யாரையும் அனுப்ப மாட்டேன்: பையையோ கயிற்றையோ உடம்பிலும், பலகையை உங்களோடு பிணைக்கும் கயிறான லீஷிலும் கட்டிக்கொள்ளாதீர்கள். கழிமுகத்திலும் ஆற்றிலும் ஓடுகிற தண்ணீரில் கணுக்கால் லீஷே ஆபத்து, பலகை ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமுமாக ஏதாவது மரத்திலோ தூணிலோ மாட்டிக்கொண்டால் நீரோட்டத்தின் வேகத்தில் காலை எட்டி அவிழ்க்க முடியாது. அங்கே இடுப்பில் கட்டுகிற, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் லீஷ்தான் வேண்டும். மிதவைச் சட்டையும் கட்டாயம்.

எல்லாத்தையும் எடுத்துடலாமா? தொடக் கூடாதது ஏதாவது இருக்கா?

ஊசி, மருத்துவக் கழிவு, மூடிய பீப்பாய், கப்பல்களின் அவசரச் சுடர்க் குழாய், என்னவென்றே தெரியாத இரசாயனக் கட்டி, இவற்றைத் தொடாதீர்கள். இடத்தைக் குறித்து, படம் எடுத்து, உரிய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஊசிக்கு மட்டும், கெட்டியான மூடியுள்ள டப்பாவும் நீண்ட இடுக்கியும் பயிற்சியும் உள்ள ஒருவர் குழுவில் இருந்தால் எடுக்கலாம்.

அதே மாதிரி இயற்கையானதையும் எடுக்காதீர்கள். கரை ஒதுங்கிய கடற்பாசி பார்க்க அழுக்காகத் தெரியலாம், ஆனால் மணற்பூச்சிகள் அதைத் தின்று வாழ்கின்றன, பறவைகள் அந்தப் பூச்சிகளைத் தின்கின்றன, மணலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. சிப்பியும் சுள்ளியும் அங்கேயே கிடக்கட்டும்.

டிராக்டர் வச்சு ஒரே நாள்ல வாரிடலாமே, எதுக்கு இத்தனை பேர் குனிஞ்சு நிமிரணும்?

வாரும் இயந்திரம் பெரிய குப்பையோடு சேர்த்து மேலே சொன்ன கடற்பாசியையும் அள்ளிக்கொண்டு போகும், சிறிய துண்டுகளை விட்டுவிடும் அல்லது இன்னும் நொறுக்கி மணலுக்குள் புதைக்கும். ஆமை முட்டையிடும் கரையில் அது கூட்டையே அழித்துவிடும். அதைவிட முக்கியமாக, இயந்திரம் எதையும் எண்ணாது. எண்ணுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு கேள்வி தள்ளிப் பதில் இருக்கிறது.

பெரிய மீன்பிடி வலை ஒன்னு மிதக்குது. இழுத்துட்டு வந்துடட்டுமா?

முதலில் அது கைவிடப்பட்ட வலைதானா என்று பாருங்கள். மீனவர்கள் போட்டு வைத்திருக்கும் வலையாக இருந்தால், அதில் கை வைப்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் பிழைப்பில் கை வைப்பது. மிதவையும் கொடியும் ஒழுங்காக இருந்தால் விலகிப் போங்கள். சந்தேகமாக இருந்தால் அங்கே தொழில் செய்கிறவர்களைக் கேளுங்கள், பார்த்தவுடனேயே சொல்லிவிடுவார்கள்.

கைவிடப்பட்ட வலை என்று தெரிந்தாலும் பலகையில் கட்டி இழுக்க வேண்டாம். நைலான் வலை நீருக்கடியில் எவ்வளவு நீளம் தொங்குகிறது என்று மேலிருந்து தெரியாது, துடுப்பும் பலகையின் அடியிலுள்ள ஃபின்னும் காலும் அதில் மாட்டும். இடத்தைக் குறித்துக்கொண்டு மோட்டார் படகும் ஆளும் உள்ளவர்களிடம் சொல்லுங்கள். ஆமையோ டால்ஃபினோ மாட்டியிருந்தால் அவசரப்பட்டுக் கயிற்றை அறுத்து விட்டுவிடாதீர்கள், இறுகிய கயிறு சதைக்குள் இறங்கியிருக்கும், சிகிச்சை தேவைப்படும். வனவிலங்கு மீட்பு ஆட்களை அழையுங்கள், அவர்கள் வரும் வரை கூட்டத்தை விலக்கி அமைதியாக வைத்திருங்கள். கரை ஒதுங்கிய விலங்கைத் திரும்பக் கடலுக்குள் தள்ளவும் வேண்டாம்.

பொறுக்கினா போதாதா? ஒவ்வொன்னையும் எண்ணி எழுதச் சொல்றாங்க, சலிப்பா இருக்கே?

சலிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் பொறுக்குவதா, எண்ணுவதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எண்ணுவதைத்தான் எடுப்பேன். பொறுக்கிய குப்பை அந்த ஒரு நாள் அந்த ஒரு கரையை மட்டும் விட்டுப் போகிறது. எண்ணிய தாள் சட்டம் வரைக்கும் போகும். 1986இல் டெக்சாஸில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓ'ஹாரா என்ற இரண்டு பெண்கள் ஒரு கடற்கரைத் துப்புரவை ஏற்பாடு செய்தபோது, வந்தவர்களிடம் பையோடு சேர்த்து எண்ணிக்கை அட்டையையும் கொடுத்தார்கள். உலகம் முழுக்க இன்று நடக்கிற சர்வதேசக் கடலோரத் துப்புரவு அதிலிருந்து வளர்ந்தது. சிகரெட் துண்டு பஞ்சு அல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக், அதுதான் ஆண்டுக்கணக்கில் பட்டியலின் உச்சியில் இருந்தது என்பதெல்லாம் இப்படி எண்ணியவர்களால்தான் ஊருக்குத் தெரிந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நடந்ததைப் பாருங்கள். கடற்கரைகளில் எண்ணிய கணக்கை வைத்துத்தான் அதிகமாகக் கிடக்கும் 10 வகைப் பொருட்களைப் பிரித்தார்கள். 2019இல் வந்த ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் சட்டம் அந்தப் பட்டியலின் மேலேயே எழுதப்பட்டது. 2021 ஜூலையிலிருந்து உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி, காது குடையும் பஞ்சுக்குச்சி போன்றவற்றின் பிளாஸ்டிக் வடிவங்களுக்கு அங்கே சந்தையில் இடமில்லை. யாரோ ஒருவர் குளிரில் குனிந்து பஞ்சுக்குச்சிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணாமல் இது நடந்திருக்காது.

இன்னைக்கு சுத்தம் பண்ணா நாளைக்கே திரும்ப வந்துடுது. அப்புறம் எதுக்கு இந்த வேலை?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சரியான இடத்துக்கு வந்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பொறுக்கினால் மட்டும் தீராது, உண்மைதான். எடுத்தது எடுத்ததுதான், அதை இனி எந்த ஆமையும் தின்னாது, வெயிலில் நொறுங்கி ஆயிரம் துண்டாகாது என்பதும் உண்மை. ஆனால் குழாய் திறந்தே இருக்கும்போது தரையைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. திரும்ப வந்தது என்ன பொருள், எந்த வழியாக வந்தது என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை. வடிகாலா, ஆறா, கப்பலா, கரையிலேயே போட்டதா? துடுப்புக்காரர்கள் ஆற்றில் மேலே ஏறிப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

மூலத்தை அடைத்தால் கரையில் மாற்றம் தெரியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பிரிட்டனில் கடையில் பிளாஸ்டிக் பைக்குக் கட்டணம் வந்த பிறகு, அங்கே தன்னார்வலர்களை வைத்துக் கடற்கரைக் கணக்கு எடுக்கும் மெரைன் கன்சர்வேஷன் சொசைட்டி, 10 ஆண்டுகளில் கரையில் கிடைக்கும் பைகள் 80 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. அந்தப் பைகளில் பெரும்பகுதியை யாரும் பொறுக்கவில்லை, அவை கடலுக்கு வரவே இல்லை.

எடுத்ததை எல்லாம் மறுசுழற்சிக்குக் கொடுத்துடலாம்தானே?

கொஞ்சத்தைத்தான் கொடுக்க முடியும். உப்பும் மணலும் ஏறி வெயிலில் இற்றுப்போன பிளாஸ்டிக்கைப் பெரும்பாலான இடங்களில் வாங்க மாட்டார்கள். கழுவிப் பிரித்தால் பாட்டில், உலோகம், கண்ணாடி போகலாம். மிச்சம் முறையான குப்பை வண்டிக்குத்தான். அது எப்போது வரும், எங்கே வைக்க வேண்டும் என்பதைத் துப்புரவுக்கு முந்தைய நாளே பேசி முடித்துவிடுங்கள். மூட்டை மூட்டையாகக் கட்டி மணல்மேட்டில் வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய், இரவில் நாய் இழுத்துக் காற்று பறக்கடித்துத் திரும்பக் கடலுக்கே போவதைப் போலக் கஷ்டமான காட்சி இல்லை.

தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. சுத்தம்தானே?

கண்ணால் சொல்ல முடியாது. மலக்கழிவோடு வரும் கிருமிகள் தெளிந்த நீரிலும் இருக்கும், மண் கலங்கிய நீரில் இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் கடல்நீருக்கு என்டெரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியாவை எண்ணிப் பார்க்கிறார்கள். அதுவே பெரிய நோய் தரும் என்பதால் அல்ல, அது இருந்தால் மலக்கழிவு கலந்திருக்கிறது, கூடவே மற்ற கிருமிகளும் இருக்கலாம் என்பதால்.

மழைக்கப்புறம் 3 நாள் இறங்காதேன்னு சொல்றாங்க. கொஞ்சம் அதிகமா பயமுறுத்துறாங்களோ?

இல்லை. மழை தெருவில், சாக்கடையில், வயலில் கிடந்ததை எல்லாம் கழுவிக் கடலுக்குக் கொண்டுவருகிறது, நிறைய நாள் கழித்து வரும் முதல் மழை இன்னும் மோசம். மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகிற ஊர்களில் குழாய் தாங்காமல் கழிவு அப்படியே வழிந்துவிடும். கலிஃபோர்னியாவில் மழைக்குப் பிறகு 72 மணி நேரம் இறங்க வேண்டாம் என்று சுகாதாரத் துறைகளே அறிவுறுத்துகின்றன. சான் டியாகோவில் சர்ஃபர்களை இரண்டு குளிர்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், மழைக்குப் பிறகு இறங்கியவர்களுக்கு வயிறு, காது, காயத்தொற்று தொல்லைகள் கூடியது தெரிந்தது.

2018இல் வெளியான எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வு என்னைக் கொஞ்சம் உலுக்கியது. அடிக்கடி அலையில் இறங்குபவர்களில் 9 சதவீதம் பேரின் குடலில், ஒரு முக்கியமான ஆன்டிபயாட்டிக் மருந்துக்குக் கட்டுப்படாத ஈ.கோலி பாக்டீரியா இருந்தது. இறங்காதவர்களில் அது 3 சதவீதம். சாதாரண நீச்சல்காரரைவிடச் சர்ஃபர் சுமார் 10 மடங்கு கடல்நீரை விழுங்குகிறார் என்பதால்தான் அவர்களை வைத்து ஆராய்ந்தார்கள். இது நோய் வந்த கணக்கு அல்ல, உடம்பில் குடியேறிய கணக்கு. ஆனால் கழிவுநீரோடு என்னவெல்லாம் கடலுக்கு வருகிறது என்று இதிலிருந்து தெரிகிறது.

நாமளே தண்ணியைச் சோதிக்க முடியுமா? பெரிய ஆய்வகம் வேணுமே?

முடியும். சர்ஃப்ரைடரின் ப்ளூ வாட்டர் டாஸ்க் ஃபோர்ஸ் என்ற தன்னார்வத் திட்டம் இதைத்தான் செய்கிறது, பள்ளி மாணவர்கள்கூடச் செய்கிறார்கள். சுத்தமான கிருமிநீக்கிய பாட்டிலில், முழங்காலிலிருந்து இடுப்பு வரை ஆழமுள்ள இடத்தில், காலால் கலக்காத பக்கத்து நீரை மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழிருந்து பிடிக்க வேண்டும். பாட்டில் வாயின் உள்பக்கம் விரல் படக் கூடாது. உடனே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். எண்டெரோலெர்ட் முறையில் ஒரு பொடியைக் கலந்து, குழிகள் உள்ள தட்டில் ஊற்றி, 41 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்தால், பாக்டீரியா உள்ள குழிகள் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். ஒளிர்ந்த குழிகளை எண்ணி அட்டவணையில் பார்த்தால் கணக்கு வந்துவிடும்.

எவ்வளவு என்றால் அதிகம்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2012 வரையறைப்படி, பல மாதிரிகளில் வந்த என்டெரோகாக்கஸ் எண்ணிக்கையின் பெருக்கல் சராசரி (எண்களைக் கூட்டாமல் பெருக்கி எடுக்கும் சராசரி) 100 மில்லிலிட்டருக்கு 35ஐத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவில் கடல்நீர் மிகச் சிறப்பு என்று பெயர் வாங்க, 100 மாதிரி எடுத்தால் 95இல் எண்ணிக்கை 100க்குள் இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு விதத்தில் கணக்கிடுவது, ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். உங்கள் நாட்டு வரையறை எது என்று பார்த்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை எடுத்ததுலயே பயங்கரமா வந்துச்சு. உடனே ஊருக்கெல்லாம் சொல்லிடட்டுமா?

இறங்கப் போகிறவர்களிடம் உடனே சொல்லுங்கள், அதில் தாமதம் கூடாது. ஆனால் யார் காரணம் என்று சொல்ல ஒரே மாதிரி போதாது. கடல்நீர் மணிக்கு மணி மாறும், காற்றும் ஓதமும் மாற்றும், ஒரு பறவைக் கூட்டம்கூட எண்ணிக்கையை ஏற்றிவிடும். மறுநாளும் எடுங்கள், அதே இடத்தில் அதே ஓதத்தில் வாராவாரம் எடுங்கள். அப்புறம் சந்தேகப்படும் வடிகாலுக்கு மேலேயும் கீழேயும் எடுங்கள். மேலே குறைவு, கீழே அதிகம் என்று திரும்பத் திரும்ப வந்தால் அது பேசும். மூன்று மாதக் கணக்கோடு போகிறவரை அதிகாரிகள் நடத்தும் விதமே வேறு.

மணல்ல பருப்பு மாதிரி வெள்ளை மணிகள் கிடக்கு. முட்டையா?

பெரும்பாலும் அவை பிளாஸ்டிக் மூலக் குருணைகள், நர்டில் என்பார்கள். 2 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும், நசுக்கினால் உடையாது. பெரும்பாலான பிளாஸ்டிக் பொருட்கள் இதை உருக்கித்தான் வார்க்கப்படுகின்றன. ஆலையிலும் ஏற்றி இறக்கும் இடத்திலும் சிந்தி வடிகால் வழியாக வரும், கப்பல் விபத்திலும் வரும். 2021இல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து சுமார் 1,680 டன் குருணை கடலில் கொட்டியது. மீன்களும் பறவைகளும் முட்டை என்று நினைத்து விழுங்கும், கடலில் கிடக்கும் நச்சும் அதில் ஒட்டிக்கொள்ளும், அதனால் கையுறையோடு எடுங்கள், சல்லடையால் சலித்து எடுங்கள்.

இதிலும் எண்ணியவர்கள் ஜெயித்த கதை ஒன்று உண்டு. டெக்சாஸின் லவாக்கா விரிகுடாவில் இறால் படகு ஓட்டிய டயேன் வில்சனும் தன்னார்வலர்களும் ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் ஆலையிலிருந்து வெளியேறிய குருணைகளை ஆயிரக்கணக்கான மாதிரிகளாகச் சேகரித்து, தேதி எழுதி, பைகளில் போட்டு நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். 2019இல் 5 கோடி டாலருக்கு ஆலை உடன்பட்டது, இனி குருணையே வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடு.

சர்ஃப் பலகையே பிளாஸ்டிக்தான், வெட்சூட்டும் பெட்ரோலியம்தான். நீங்க எப்படி மத்தவங்களைக் கேக்கலாம்?

கேட்க வேண்டிய கேள்வி. பலகையின் உள்ளே பாலியூரித்தேன் அல்லது பாலிஸ்டைரின் நுரை, மேலே கண்ணாடியிழையும் பிசினும். வெட்சூட் பெரும்பாலும் நியோப்ரீன், கால் வழுக்காமல் பலகையில் தடவுகிற மெழுகில் பாரஃபின். இதை மறைத்துவிட்டு அடுத்தவரைக் கேட்கக் கூடாது. இருப்பதை ஒட்டிச் சரிசெய்து நீண்ட நாள் ஓட்டுவது, பழையதை வாங்குவது, தேன்மெழுகு கலந்த மெழுகைத் தடவுவது, இயற்கை ரப்பர் வெட்சூட்டைப் பார்ப்பது, நல்ல அலைக்காக விமானம் ஏறுவதைக் குறைப்பது, இதெல்லாம் நம் கையில் இருக்கிறது. ஆனால் நம்மிடம் பலகை இருக்கிறது என்பதற்காக ஒரு ஆலை கழிவைக் கடலில் விடலாம் என்று ஆகிவிடாது. இரண்டையும் பேசலாம்.

இன்னொன்று, யாரும் கேட்பதில்லை, நானே சேர்க்கிறேன். ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கயாக்கையும் பலகையையும் பார்த்து, கழுவி, காயவைத்துக் கொண்டுபோங்கள். ஒட்டியிருக்கும் சேற்றிலும் செடித்துணுக்கிலும் வேற்றுச் சிப்பியும் களையும் பயணம் செய்யும், அதுவும் ஒரு வகை அசுத்தம்தான்.

சன்ஸ்கிரீன் போட்டா கடலுக்குக் கெடுதலா?

சில வேதிப்பொருட்கள் மீது சந்தேகம் இருக்கிறது. ஹவாய் மாநிலம் ஆக்ஸிபென்சோன் அல்லது ஆக்டினாக்ஸேட் உள்ளவற்றின் விற்பனையை 2021 ஜனவரியிலிருந்து தடை செய்தது. எளிய வழி முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது. மிச்சமிருக்கும் முகத்துக்கும் கைக்கும் துத்தநாக ஆக்ஸைடு களிம்பு தடவுங்கள். வெயிலில் வெந்துபோக வேண்டாம்.

நாங்க சுத்தம் பண்ணப் போனா அங்க இருக்கிற ஜனங்க முறைக்கிறாங்க. நல்லதுதானே பண்றோம்?

அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள். வாரக்கடைசியில் வந்து, அவர்கள் வாசலில் குனிந்து பொறுக்கி, படம் எடுத்து, இவ்வளவு அசிங்கமாக இருந்த இடம் என்று எழுதிவிட்டுப் போகிற ஆட்களை யாருக்குப் பிடிக்கும்? குப்பை வண்டியே வராத தெருவில் இருப்பவர் குப்பையை எங்கே போடுவார்? பல இடங்களில் கரையில் கிடப்பதில் நிறைய ஆற்றோடு மேலிருந்து வந்தது, ஆனால் பழி கரையில் இருப்பவர்கள் தலையில் விழுகிறது. எனக்கு இதில் கோபமே உண்டு.

அதனால் முதலில் போய்க் கேளுங்கள், பையை அப்புறம் எடுக்கலாம். எது தொந்தரவு, எப்போதிலிருந்து, யாரிடம் சொன்னார்கள், என்ன பதில் வந்தது? மீன் குறைந்தது எந்த வருடம், தண்ணீர் நிறம் மாறியது எப்போது என்பதை அவர்கள் அளவுக்கு யாருக்கும் தெரியாது. அவர்கள் கேட்பது வண்டியும் கழிப்பறையும் வடிகாலும் என்றால், அதற்காகச் சேர்ந்து நின்று மனு கொடுப்பதும் கடற்கரைச் சுத்தம்தான். ஆட்களை அவர்கள் அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். எண்ணிக்கைத் தாளின் ஒரு பிரதியை அவர்களிடமும் கொடுங்கள்.

பாட்டில் பானம் விக்கிற கம்பெனி ஒன்னு பையும் டி-ஷர்ட்டும் தர்றேன்னு சொல்லுது. வாங்கிக்கலாமா?

ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: கிடைக்கும் குப்பையை எந்த நிறுவனத்துடையது என்று பெயர்வாரியாக எண்ணி வெளியிடுவோம், சம்மதமா? சம்மதம் என்றால் எழுதி வாங்கிக்கொண்டு பேசலாம். தயங்கினால் விட்டுவிடுங்கள், பை பெரிய செலவு அல்ல. நான் வாங்க மாட்டேன், ஆனால் பணமே இல்லாத சிறிய குழுக்கள் வாங்கினால் குறை சொல்லவும் மாட்டேன். எண்ணிக்கையை மறைக்கச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கயாக்ல போகும்போது ஒரு குழாய்ல இருந்து கறுப்பா ஏதோ கடல்ல விழுறதைப் பார்த்தேன். என்ன செய்யணும்?

தொடாதீர்கள், நெருங்காதீர்கள், யாருடைய வளாகத்துக்குள்ளும் நுழையாதீர்கள். காற்று வரும் பக்கமாக விலகி நின்று படம் எடுங்கள், குழாயும் அடையாளம் தெரியும் ஏதாவது ஒன்றும் ஒரே படத்தில் வர வேண்டும். தேதி, நேரம், கடல் ஏறுகிறதா இறங்குகிறதா, நிறம், வாசனை, நுரை, செத்த மீன் உண்டா என்பதை அப்போதே எழுதுங்கள், கரைக்கு வந்து எழுதினால் பாதி மறந்துவிடும். கூட இன்னொருவர் இருந்து அவரும் தனியாக எழுதினால் நல்லது.

பிறகு மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான எண்ணை வாங்குங்கள். அந்தக் குழாய்க்கு அனுமதி இருக்கிறதா, இருந்தால் எதை எவ்வளவு விடலாம் என்று அதில் சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். பல நாடுகளில் அது பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணம். ஹம்போல்ட்டிலும் லவாக்காவிலும் வழக்கு எடுபட்டது, அனுமதியில் எழுதியிருப்பதும் கடலில் விழுவதும் வேறு என்று காட்ட முடிந்ததால்தான். தண்ணீர் மாதிரியை நீங்களே எடுப்பதைவிட, அலுவலகத்து ஆளை அதே நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். அவர் எடுத்த மாதிரியைப் பின்னால் மறுப்பது கடினம். அவர் வரும் நாளில் குழாய் காய்ந்து கிடக்கலாம், அடிக்கடி அப்படித்தான் ஆகும். அதனால் எந்தக் கிழமை, எந்த நேரம் வருகிறது என்று பல வாரம் குறித்து வைத்துவிட்டு, எந்த நாளில் வர வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். பக்கத்தில் வலை போடுகிறவர்களிடமும் கேளுங்கள், இரவில் மட்டும் திறப்பதாக இருந்தால் அவர்களுக்குத்தான் தெரியும்.